வலியில்லாத அழற்சி: சர்க்கரை நோயும் விழித்திரையும்

சர்க்கரை நோய் பார்வையைப் பறிக்கும் வழிகளுள் முதன்மையானது விழித்திரைப் பாதிப்பு. இரத்தத்தில் ஆண்டுக்கணக்கில் மிகுந்து நிற்கும் குளுக்கோஸ், விழித்திரையில் ஓடும் நுண்குழாய்களை நலிவடையச் செய்கிறது. குழாய்கள் கசிகின்றன, சில அடைபடுகின்றன, முற்றிய நிலையில் எளிதில் உடையும் புதுக் குழாய்கள் முளைக்கின்றன. சர்க்கரை மிகுவதற்கும் குழாய் பழுதாவதற்கும் நடுவே நிகழ்வது என்ன என்ற கேள்விக்குக் கடந்த முப்பது ஆண்டு ஆய்வுகள் தந்த விடைகளில் முக்கியமானது அழற்சி. நோயின் முதல் நாட்களிலிருந்தே அது விழித்திரையில் இருக்கிறது. நோயாளிக்கு வலியும் இல்லை, கண் சிவப்பதும் இல்லை. இந்த நோயில் பலரும் காலம் தாழ்த்தி மருத்துவரிடம் வருவதற்கு இதுவே முதற்காரணம்.

2023ஆம் ஆண்டு வெளியான ஐ.சி.எம்.ஆர்.-இன்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. விழித்திரைப் பாதிப்புக்குத் தென் மாவட்டம் ஒன்றிலேயே எடுத்த கணக்கு உள்ளது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் டாக்டர் பெ. நம்பெருமாள்சாமியும் குழுவினரும் தேனி மாவட்டத்தில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை நோயாளிகளில் 12.2 சதவீதம் பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. இரண்டு விகிதங்களையும் சேர்த்துப் பார்த்தால், வயது வந்தோர் ஆயிரம் பேர் வாழும் ஊரில் தோராயமாக 140 பேருக்குச் சர்க்கரையும், அவர்களில் 17 பேருக்கு விழித்திரைப் பாதிப்பும் இருக்கக்கூடும். கிராமங்களில் இந்த எண்கள் சற்றுக் குறையலாம். ஆனாலும் விருதுநகர் மாவட்டத்தின் மல்லாங்கிணறு, காரியாபட்டி, திருச்சுழி வட்டாரத்தில் இந்த நோய் நுழையாத ஊர் இருக்க வழியில்லை.

அழற்சி என்பது

அழற்சி உடலின் தற்காப்பு. வேலிக்கருவை முள் காலில் ஏறினால் அந்த இடம் சிவக்கிறது, சூடாகிறது, வீங்குகிறது, வலிக்கிறது. அங்குள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து, சுவர்கள் நெகிழ்ந்து, வெள்ளையணுக்களை வெளியே விடுவதால்தான் இவை நிகழ்கின்றன. முள்ளை எடுத்து, கிருமிகள் ஒழிந்தபின் சில நாளில் எல்லாம் அடங்கிவிடும். காரணம் நீங்காவிட்டால் அழற்சியும் நீங்காது. காக்க வந்த அணுக்களே அந்தத் திசுவை அரிக்கத் தொடங்கும். மூட்டுகளில் இது நிகழ்வது முடக்குவாதம். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி, எட்டயபுரத்துக்கு அருகில் வடமலாபுரம் என்ற கரிசல் கிராமத்தில் 1918இல் பிறந்தவர். இளவயதில் வந்த முடக்குவாதம் அவருடைய விரல்களை வளைத்துவிட்டது. வளைந்த அந்த விரல்களாலேயே அறுவைக் கருவிகளைப் பிடிக்கப் பழகி, பின்னர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். நீடித்த அழற்சி ஒரு திசுவை எந்த அளவுக்கு உருக்குலைக்கும் என்பதை அவருடைய கைகள் வெளிப்படையாகக் காட்டின.

விழித்திரையில் நிகழும் அழற்சியும் நீடித்த வகைதான். அது குறைந்த அளவில், இடைவிடாமல் நடக்கிறது. விழித்திரையில் வலியை உணர்த்தும் நரம்புகள் இல்லாததால் நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. இந்த வட்டாரத்தில் கண் நோய் என்றதும் நினைவுக்கு வருபவை வேறு: மெட்ராஸ் ஐ, கரிமூட்டப் புகையிலும் புழுதியிலும் உறுத்திச் சிவக்கும் கண், முள் குத்திய கருவிழி, வயதில் விழும் புரை. முதல் மூன்றும் கண்ணின் முன்புறத்தில் நிகழும் அழற்சிகள், பார்த்தவுடன் தெரிந்துவிடும். சர்க்கரையின் அழற்சி கண்ணின் பின்சுவரில், கருவி கொண்டு பார்த்தால் மட்டுமே எட்டும் இடத்தில் நடக்கிறது.

விழித்திரையின் அமைப்பு

விழித்திரை சுமார் கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள நரம்புத் திசு. ஒளியை நரம்புத் துடிப்பாக மாற்றி மூளைக்கு அனுப்புவது அதன் வேலை. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அதன் நடுப்பகுதியான மாகுலாவால் இயல்கின்றன. எடைக்கு எடை பார்த்தால் உடலில் மிக அதிகமாக ஆக்சிஜனைச் செலவிடும் திசுக்களில் ஒன்று இது. ஆனாலும் பார்வைக்கு மறைப்பாக இருக்கக்கூடாது என்பதால் இதன் இரத்தக் குழாய்கள் எண்ணிக்கையிலும் பருமனிலும் அளவோடு அமைந்திருக்கின்றன. தேவை மிகுதி, வரத்து சிக்கனம் என்ற நிலையில் வாழும் திசு என்பதால், குழாய்களில் சிறு கோளாறு நேர்ந்தாலும் அது தாங்காது.

விழித்திரையின் நுண்குழாய்ச் சுவரில் உட்புறச் செல்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்திருக்கின்றன. வெளிப்புறத்தில் பெரிசைட் எனும் செல்கள் குழாயைச் சுற்றிப் பற்றியுள்ளன. உடலின் மற்ற இடங்களைவிட இங்கே அவை நெருக்கமாக, ஏறத்தாழ ஓர் உட்புறச் செல்லுக்கு ஒரு பெரிசைட் என்ற கணக்கில் அமைந்திருக்கின்றன. முல்லர் செல்களும் பிற தாங்கு செல்களும் குழாயை வெளியிலிருந்து அணைத்து நிற்கின்றன. இரத்தத்திலிருந்து எது விழித்திரைக்குள் போகலாம், எது கூடாது என்பதை இந்த மூன்றடுக்குத் தடுப்பு முடிவு செய்கிறது. வெள்ளையணுக்களும் புரதங்களும் கொழுப்பும் உள்ளே வராமல் பார்த்துக்கொள்வது இதன் முக்கிய வேலை. மைக்ரோக்ளியா என்ற காவல் செல்கள் விழித்திரைக்குள்ளேயே இருந்து கண்காணிக்கின்றன.

அழற்சி தொடங்கும் விதம்

தசையிலும் கொழுப்பிலும் உள்ள செல்கள் பெரும்பாலும் இன்சுலின் வந்து திறந்தால்தான் குளுக்கோஸை உள்ளே விடும். விழித்திரைக் குழாயின் உட்புறச் செல்லுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இரத்தத்தில் எவ்வளவு மிகுகிறதோ அவ்வளவு குளுக்கோஸ் அதற்குள் இறங்கிவிடும். உள்ளே மிகுந்த குளுக்கோஸை எரிக்கும்போது வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகள் அளவுக்கு மீறி உண்டாகின்றன. குளுக்கோஸ் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, எளிதில் அகலாத சேர்மங்களாகவும் இறுகுகிறது. செல்லின் உட்சமிக்ஞைப் பாதைகள் சிலவும் தூண்டப்படுகின்றன. இவை அனைத்தும் முடிவில் என்.எஃப்.-கப்பா-பி என்ற ஒரே விசையைத் தட்டிவிடுகின்றன. கிருமி தாக்கும்போது அழற்சியைத் தொடங்கிவைக்கும் அதே விசை இது. கிருமி இல்லாமலே உடல் போர்க்கோலம் பூணுகிறது.

விசை இயங்கியதும் குழாயின் உட்சுவரில் ஐகேம்-1 என்ற ஒட்டுப்புரதம் பெருகுகிறது. இண்டர்லூக்கின்-1 பீட்டா, இண்டர்லூக்கின்-6, டி.என்.எஃப்.-ஆல்ஃபா, எம்.சி.பி.-1 போன்ற அழற்சித் தூதுப் புரதங்கள் சுரக்கின்றன. அதன்பின் நடப்பதை ஒரேயொரு நுண்குழாயில் பின்தொடரலாம். விழித்திரை நுண்குழாயின் உள்விட்டம் சுமார் 5 மைக்ரான். வெள்ளையணு அதைவிடப் பெரியது. தன் உருவை நீட்டி நெளித்துத்தான் அதற்குள் நுழைந்து போகமுடியும். சர்க்கரை நோயில் வெள்ளையணுவின் நெகிழ்வு குறைகிறது, ஒட்டும் தன்மை கூடுகிறது. குழாய்ச் சுவரில் ஐகேம்-1 காத்திருக்கிறது. வெள்ளையணு வழியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட, அதற்கு அப்பால் இரத்தம் போவது தடைபடுகிறது. நின்ற இடத்தில் அது வெளிவிடும் நொதிகளும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் சுவர்ச் செல்லைச் சேதப்படுத்துகின்றன. செல்களுக்கு இடையேயான பிணைப்பு நெகிழ்கிறது. சிறிது நேரத்தில் அணு நகர்ந்துவிடலாம், ஆனால் சேதம் தங்கிவிடும். இப்படி ஆயிரக்கணக்கான குழாய்களில் ஆண்டுக்கணக்கில் நடக்கும்போது பெரிசைட் செல்கள் மடிகின்றன, சுவர்ச் செல்களும் மடிகின்றன, குழாய் வெறும் கூடாக மிஞ்சுகிறது.

அதே வேளையில் மைக்ரோக்ளியா விழித்துக்கொண்டு தன் பங்குக்கு அழற்சிப் புரதங்களைச் சுரக்கிறது. ஆக்சிஜன் பற்றாத முல்லர் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற குழாய் வளர்ச்சிப் புரதத்தை வெளிவிடுகின்றன. புதுக் குழாய்களை முளைக்கச் செய்யும் இந்தப் புரதம் இருக்கும் குழாய்களையும் கசியவைக்கிறது. ஐகேம்-1ஐ மேலும் பெருக்கி, வெள்ளையணுக்களை இன்னும் இழுத்துவருகிறது. ஆகவே அழற்சியும் வி.இ.ஜி.எஃப்.-உம் ஒன்றையொன்று வளர்க்கும் சுழலாக இந்த நோய் நகர்கிறது.

சான்றுகள் சேர்ந்த வரலாறு

முதல் தடயம் தற்செயலாகக் கிடைத்தது. சர்க்கரையோடு முடக்குவாதமும் உள்ள நோயாளிகளிடம் விழித்திரைப் பாதிப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருப்பதைப் பவல், ஃபீல்டு என்ற இரண்டு மருத்துவர்கள் 1964இல் லான்செட் இதழில் எழுதினர். மூட்டு வலிக்காக அவர்கள் ஆஸ்பிரின் வகை மருந்துகளை அதிக அளவில் சாப்பிட்டுவந்தார்கள். அழற்சியை அடக்கும் மருந்து கண்ணையும் காக்கிறதோ என்ற ஐயம் அப்போதே எழுந்தது. 

1991இல், சர்க்கரை நோய் உண்டாக்கப்பட்ட எலிகளின் விழித்திரை நுண்குழாய்களில் வெள்ளையணுக்கள் அடைத்து நிற்பதை ஷ்ரோடரும் குழுவினரும் நுண்ணோக்கியில் கண்டனர். 1999இல் மியாமோட்டோவும் குழுவினரும் ஒரு படி மேலே சென்றனர். ஐகேம்-1ஐத் தடுக்கும் எதிர்ப்புரதத்தை எலிகளுக்குச் செலுத்தியபோது வெள்ளையணுக்கள் ஒட்டுவதும் குறைந்தது, குழாய்க் கசிவும் குறைந்தது. கசிவுக்கு வெள்ளையணுக்கள் காரணம் என்பது இதனால் உறுதிப்பட்டது. 2004இல் யூசனும் குழுவினரும் ஐகேம்-1 இல்லாமலோ, அதில் ஒட்டுவதற்கு வெள்ளையணுவுக்கு வேண்டிய புரதம் இல்லாமலோ பிறந்த எலிகளை வளர்த்தனர். நீண்ட நாள் சர்க்கரை இருந்தும் அவற்றின் விழித்திரைக் குழாய்கள் பெருமளவு தப்பின. மனிதக் கண்களிலும் இதற்கு ஒத்த சான்றுகள் கிடைத்தன. மாகுலா வீங்கிய நோயாளிகளின் கண்ணுக்குள்ளிருந்து எடுத்த திரவத்தில் இண்டர்லூக்கின்-6, இண்டர்லூக்கின்-8, எம்.சி.பி.-1 ஆகியவை, சர்க்கரை இல்லாதவர்களின் கண்களைவிட அதிகமாக இருந்தன.

கசிவும் அடைப்பும்

நோய் வெளிப்படும் பாதைகள் இரண்டு. மல்லாங்கிணற்றைச் சுற்றியுள்ள மானாவாரிப் பகுதியில் கண்மாய் கெடும் விதங்களும் இரண்டே. கரை கசிந்தால் ஒட்டிய வயல் ஊறி அழுகும். வரத்துக்கால் தூர்ந்தால் கடைமடை காயும். விழித்திரையிலும் கசியும் குழாய் ஒரு பகுதியை ஊறவைக்க, அடைபட்ட குழாய் இன்னொரு பகுதியைக் காயவிடுகிறது.

கசிவு மாகுலாவில் நிகழ்ந்தால் மாகுலா வீக்கம். நேர்க்கோடுகள் வளைந்து தெரியும், எழுத்து மங்கும். கசிந்த கொழுப்பு மஞ்சள் துகள்களாகப் படிந்திருப்பதை மருத்துவர் பார்ப்பார். சர்க்கரை நோயாளிகள் பார்வை இழப்பதற்கு மிகப் பொதுவான காரணம் இதுவே. அடைப்பு பெருகினால் ஆக்சிஜன் பற்றாத விழித்திரை வி.இ.ஜி.எஃப்.-ஐ மிகுதியாகச் சுரந்து புதுக் குழாய்களை வரவழைக்கும். அவை ஒழுங்கற்றவை, எளிதில் உடைபவை. உடைந்தால் கண்ணுக்குள் இரத்தம் கொட்டும். வடுவாகி இழுத்தால் விழித்திரையே பிய்ந்து விலகும்.

முதற்கட்டத்தில் நோய் விழித்திரைப் படத்தில் சிவந்த சிறு புள்ளிகளாக மட்டும் தென்படும். பெரிசைட் மடிந்த இடத்தில் குழாய்ச் சுவர் பிதுங்கியதால் உண்டானவை அவை. அந்தக் கட்டத்தில் பார்வை முழுமையாக இருக்கும். “கண்ணு நல்லாத்தான தெரியுது, எதுக்கு மதுரைக்குப் போகணும்?” என்று கேட்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அழற்சி தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகியிருக்கும். ஓ.சி.டி. என்ற ஒளிப்பிரிவுப் படத்தில் வீங்கிய மாகுலாவை ஆயிரத்தில் சில பங்கு மில்லிமீட்டர் நுட்பத்தோடு அளக்கலாம். அப்படத்தில் விழித்திரைக்குள் சிதறித் தெரியும் பளிச்சிடும் நுண்புள்ளிகளையும், விழித்திரைக்கு அடியில் தேங்கும் நீரையும் அழற்சி மிகுந்திருப்பதன் அடையாளங்களாக இன்றைய விழித்திரை மருத்துவர்கள் கணிக்கிறார்கள்.

ஆஸ்பிரினும் சொட்டு மருந்தும்

அழற்சிதான் காரணம் என்றால் அழற்சியை அடக்கும் மாத்திரை போதாதா என்ற கேள்வி இயல்பானது. அதைச் சோதித்தும் பார்த்தாயிற்று. அமெரிக்காவில் 3,711 நோயாளிகளைச் சேர்த்து நடந்த இ.டி.டி.ஆர்.எஸ். என்ற பெரிய ஆய்வில், நாளுக்கு 650 மில்லிகிராம் ஆஸ்பிரின் தரப்பட்டது. 1991இல் வெளியான முடிவின்படி விழித்திரை நோய் முற்றுவதை அது தடுக்கவில்லை. கண்ணுக்குள் இரத்தக் கசிவைக் கூட்டவும் இல்லை. முடக்குவாத நோயாளிகள் சாப்பிட்டுவந்த அளவு இதைவிட மிக அதிகம். அந்த அளவை இரைப்பையும் சிறுநீரகமும் நெடுநாள் தாங்காது. அந்த முடிவிலிருந்து நடைமுறைக்கு இரண்டு பாடங்கள் உண்டு. கண்ணைக் காக்க ஆஸ்பிரின் சாப்பிடத் தேவையில்லை. இதயத்துக்காக ஏற்கெனவே சாப்பிடுபவர் கண்ணுக்குப் பயந்து அதை நிறுத்தவும் தேவையில்லை.

ஸ்டீராய்டு அல்லாத, அழற்சியை அடக்கும் சொட்டு மருந்தான நெபாஃபெனாக்கும் சோதிக்கப்பட்டது. பார்வை பாதிக்கும் முன்பான மாகுலா வீக்கத்துக்கு அதை ஓராண்டு விட்டுப் பார்த்த அமெரிக்க ஆய்வு, பலன் இல்லை என்று 2015இல் அறிவித்தது. மருந்துக் கடையில் கிடைக்கும் சொட்டுகளுக்கே இந்த நிலை. விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் மூலிகைச் சாறும் கண்ணில் விடுவதால் விழித்திரைக்கு எதுவும் போய்ச் சேராது. கருவிழியில் கிருமி ஏறும் ஆபத்து மட்டும் உண்டு.

கண்ணுக்குள் ஊசி

முற்றிய நிலைக்கு நெடுங்காலமாகத் தரப்பட்டுவரும் சிகிச்சை லேசர். புதுக் குழாய்கள் முளைத்த கண்களில் விழித்திரையின் ஓரப்பகுதியை லேசரால் பொசுக்குவது கடும் பார்வை இழப்பைப் பாதிக்கும் மேல் குறைக்கும் என்று 1976இல் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஆக்சிஜன் கேட்கும் திசுவின் பரப்பைக் குறைத்து வி.இ.ஜி.எஃப்.-ஐ அடக்குவது அதன் தத்துவம். கடந்த இருபது ஆண்டுகளில் வி.இ.ஜி.எஃப்.-ஐ நேரடியாகக் கட்டிப்போடும் ஊசிகள் வந்தன: பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட். 2015இல் மூன்றையும் ஒப்பிட்ட ஆய்வில், பார்வை ஓரளவு நன்றாக இருக்கும் கண்களில் மூன்றும் ஒரே பலனைத் தந்தன. பார்வை அதிகம் குறைந்த கண்களில் முதல் ஆண்டில் அஃப்ளிபெர்செப்ட் முந்தியது. பெவாசிசுமாப் மற்றவற்றைவிடப் பலமடங்கு மலிவு என்பதால், மாதாமாதம் ஊசி தேவைப்படும் குடும்பங்களுக்கு இந்த முடிவு பெரிய செய்தி.

“கண்ணுல ஊசி” என்றதும் அஞ்சிச் சிகிச்சையைத் தவிர்ப்போர் உண்டு. நடப்பது இதுதான். மரத்துப்போகும் சொட்டு விடப்படும். கண்ணையும் இமையையும் அயோடின் கரைசலால் தூய்மை செய்வார்கள். இமைகளைத் தாங்கியால் விரித்து, கருவிழி ஓரத்திலிருந்து மூன்றரை முதல் நான்கு மில்லிமீட்டர் தொலைவை அளவுகோலால் குறித்து, வெள்ளைப் பகுதி வழியே மிக மெல்லிய ஊசியால் 0.05 மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்துவார்கள். ஊசி ஏறி இறங்குவது சில நொடி வேலை. அழுத்துவது போன்ற உணர்வே பெரும்பாலும் இருக்கும். அடுத்த சில நாட்களில் கடும் வலியோ சிவப்போ பார்வை மங்கலோ வந்தால் அது கிருமித் தொற்றாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும்.

இந்த ஊசிகளை ஒழுங்காகப் போட்டும் சிலருக்கு வீக்கம் முழுதாக வற்றுவதில்லை. அந்தக் கண்களில் வி.இ.ஜி.எஃப்.-ஐத் தவிர மற்ற அழற்சிப் புரதங்களும் வேலை செய்கின்றன. பல புரதங்களை ஒருசேர அடக்கும் ஸ்டீராய்டுக்கு இடம் இங்கே கிடைக்கிறது. ட்ரையாம்சினலோன் முதலில் பயன்பட்டது. பின்பு 0.7 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் அடங்கிய, ஆறு மில்லிமீட்டர் நீளமுள்ள கரையும் குச்சி வந்தது. ஒருமுறை செலுத்தினால் சில மாதங்கள் மருந்து கசிந்துகொண்டிருக்கும். அதற்கான விலையும் உண்டு. 2014இல் வெளியான மூன்றாண்டு ஆய்வில், இயற்கை வில்லை இருந்த கண்களில் மூன்றில் இரண்டு பங்குக்குப் புரை வந்தது. ஐந்தில் இருவருக்குக் கண் அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து தேவைப்பட்டது. ஏற்கெனவே புரை அறுவை முடிந்து செயற்கை வில்லை வைத்த கண்களுக்கும், மாதாமாதம் வர இயலாதவர்களுக்கும் ஸ்டீராய்டு அதிகம் பொருந்துவது இதனால்தான். ஆனால் ஊசிக்கு முழுதாக இணங்காத எல்லாக் கண்ணுக்கும் அது விடையல்ல. ரானிபிசுமாபோடு டெக்சாமெத்தசோனையும் சேர்த்துக் கொடுத்த 2018 ஆய்வில் வீக்கம் கூடுதலாக வற்றியது. பார்வை கூடுதலாகத் தேறவில்லை. வீக்கம் நீடித்த நாட்களில் நரம்புச் செல்கள் மடிந்துவிட்டால், பிறகு நீர் வற்றினாலும் அவை திரும்புவதில்லை. 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஃபாரிசிமாப், வி.இ.ஜி.எஃப்.-உடன் குழாய்ச் சுவரை நெகிழச் செய்யும் ஆஞ்சியோபொயட்டின்-2 புரதத்தையும் தடுக்கிறது. ஊசிகளுக்கு இடைப்பட்ட காலத்தை நீட்டிக்க அது உதவுகிறது.

உடல் வழியாகக் கண்ணைக் காத்தல்

கண்ணில் அழற்சியைத் தொடங்கிவைப்பது இரத்தத்தில் இருக்கிறது. ஆகவே மிகப் பெரிய பலனும் அங்கேதான் கிடைக்கிறது. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த டி.சி.சி.டி. ஆய்வு, கண்டிப்பான சர்க்கரைக் கட்டுப்பாடு விழித்திரை நோய் தோன்றுவதை 76 சதவீதம் குறைத்தது என்று 1993இல் காட்டியது. ஆய்வு முடிந்து இரு பிரிவினரின் சர்க்கரை அளவும் ஒன்றான பின்னும், முன்பு கட்டுப்பாட்டில் இருந்தவர்களின் கண்கள் பல ஆண்டுகள் மேலாகவே இருந்தன. தொடக்க ஆண்டுகளின் சர்க்கரை திசுவில் தடம் பதிக்கிறது என்பதே இதன் பொருள். இரண்டாம் வகை நோயாளிகளிடம் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தியதால் விழித்திரை நோய் முற்றுவது 34 சதவீதம் குறைந்தது என்று 1998இல் பிரிட்டனின் யு.கே.பி.டி.எஸ். ஆய்வு சொன்னது.

கொழுப்பைக் குறைக்கத் தரப்படும் ஃபெனோஃபைப்ரேட் மாத்திரைக்கு அழற்சியைத் தணிக்கும் இயல்பும் உண்டு. 2007, 2010ஆம் ஆண்டுகளின் இரண்டு பெரிய ஆய்வுகளில் அது விழித்திரை நோயை மட்டுப்படுத்தியது. ஸ்காட்லாந்தில் 1,151 பேரிடம் நடந்து 2024இல் வெளியான ஆய்வில், நோய் முற்றுவது 27 சதவீதம் குறைந்தது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இது ஒத்துவராது என்பதால் மருத்துவர் பார்த்துத்தான் தரவேண்டும்.

நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரையைச் சட்டென்று இறக்கினால், சிலருக்கு முதல் சில மாதங்களில் விழித்திரை நிலை மோசமாவதும் உண்டு. கட்டுப்பாடு தீங்கு என்று இதற்குப் பொருளில்லை. இன்சுலினையோ புதிய ஊசி மருந்தையோ தொடங்கும் முன் கண்ணைப் பார்த்துவிட வேண்டும் என்பதே பொருள். சிறுநீரில் புரதம் போவது, இரத்தசோகை, புகைப்பிடித்தல், ஈறு அழற்சி ஆகியவையும் விழித்திரை நோயோடு சேர்ந்தே காணப்படுகின்றன. வெற்றிலை புகையிலைப் பழக்கத்தால் ஈறு கெட்டவர்கள் நிறைந்த வட்டாரத்தில், பல்லையும் ஈறையும் கவனிப்பது சர்க்கரைச் சிகிச்சையின் பகுதியாக வேண்டும்.

புரை அறுவையும் விழித்திரையும்

மதுரையைச் சுற்றிய ஊர்களில் கண் சிகிச்சை என்பது கண் முகாம் வழியாகவே வேரூன்றியது. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம், அங்கிருந்து பஸ்ஸில் மருத்துவமனை, அறுவை முடிந்து பச்சைத் துணியோ கறுப்புக் கண்ணாடியோ அணிந்து ஊர் திரும்புதல் என்ற வழக்கம் இரண்டு தலைமுறைகளுக்குப் பழக்கம். அதனால் பார்வை மங்கினால் புரை என்றும், அறுவை செய்தால் சரியாகிவிடும் என்றும் பலர் எண்ணுகிறார்கள். சர்க்கரை நோயாளிக்குப் புரையும் சீக்கிரம் வருகிறது. புரைக்குப் பின்னால் விழித்திரை கெட்டிருப்பதும் மறைந்துவிடுகிறது.

அறுவையே ஒரு காயம். அதை ஆற்றக் கண்ணுக்குள் அழற்சிப் புரதங்கள் பெருகும். நல்ல கண்ணில் இது சில வாரங்களில் அடங்கும். முன்பே அழற்சி குடிகொண்ட விழித்திரையில் அடங்காமல் மாகுலா வீங்கலாம். இருந்த வீக்கம் கூடலாம். அறுவைக்கு முன்பே விழித்திரையைச் சோதித்து, தேவைப்பட்டால் ஊசியோ லேசரோ முதலில் தந்து, அறுவைக்குப் பின் அழற்சியை அடக்கும் சொட்டுகளை நிறுத்தாமல் விட்டு, சில வாரத்தில் மீண்டும் மாகுலாவைப் பார்ப்பது நல்ல முறை. “ஆப்பரேஷன் செஞ்சும் தெரியல” என்ற குறை பல நேரங்களில் அறுவையின் குறையல்ல, விழித்திரையின் குறை.

மல்லாங்கிணற்றுக்குப் பொருந்தும் ஒழுங்கு

2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. மாத்திரை தவறாமல் கிடைப்பது கண்ணுக்கும் காவல். ஆனால் மாத்திரைக்காக ஆஸ்பத்திரிப் படியேறத் தேவையில்லாதபோது, கண்ணைச் சோதிக்கும் வாய்ப்பும் சேர்ந்தே நழுவுகிறது. வீட்டுக்கு வரும் ஊழியர் “கடைசியா கண்ணு எப்பப் பாத்தீங்க?” என்று கேட்டு அட்டையில் குறித்தாலே இந்த இடைவெளியில் பாதி அடைபடும்.

பரிசோதனைக்கு ஒருநாள் கூலி போகிறது. பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் சில மணி நேரம் கண் கூசும். வண்டி ஓட்டக் கூடாது. கூட ஓர் ஆள் வேண்டும். வெயில் அடிக்கும் இந்த ஊரில் அது சிறு தொல்லையில்லை. சொட்டு விடாமலே படமெடுக்கும் விழித்திரைக் கேமராக்களும், படத்தைத் தொலைவிலுள்ள மருத்துவருக்கு அனுப்பும் வசதியும் இந்தச் சுமையைக் குறைக்கின்றன. அரவிந்த் 2004 முதல் ஊர்களில் திறந்துவரும் பார்வை மையங்கள் இந்த வழியில் இயங்குபவை. படங்களைத் தானே தரம்பிரிக்கும் கணினி நுண்ணறிவை மதுரை அரவிந்திலும் சென்னை சங்கர நேத்ராலயாவிலும் சோதித்த முடிவுகள் 2019இல் வெளியாயின. மனிதத் தரம்பிரிப்பாளர்களுக்கு ஈடாக அது செயல்பட்டது. 2022 ஜனவரி 12 முதல் விருதுநகரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி இருப்பதால், எல்லாவற்றுக்கும் மதுரை என்ற நிலையும் மாறிவருகிறது.

இரண்டாம் வகைச் சர்க்கரை கண்டறியப்பட்ட உடனே முதல் விழித்திரைப் பரிசோதனை. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை. முதல் வகையில், நோய் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் முதல் பரிசோதனை. முன்பே சர்க்கரை உள்ள பெண் கருவுற்றால் முதல் மூன்று மாதத்துக்குள் ஒருமுறை பார்ப்பது அவசியம், ஏனெனில் கர்ப்பத்தில் விழித்திரை நோய் வேகமாக முற்றலாம். பாதிப்பு தெரிந்தவர்கள் மருத்துவர் குறித்த இடைவெளியில், பெரும்பாலும் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை வரவேண்டும். கண் முன் கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திடீரென்று பார்வை மறைந்தாலோ, நேர்க்கோடு வளைந்து தெரிந்தாலோ அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. இரு கண்ணும் திறந்திருக்கையில் ஒரு கண்ணின் குறையை மற்றது மறைத்துவிடும். ஆகவே வாரம் ஒருமுறை ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்க் காலண்டரின் தேதியையும், பிறகு மற்றக் கண்ணைப் பொத்திக்கொண்டு அதே தேதியையும் வாசித்துப் பார்ப்பது, செலவில்லாமல் வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. இது ஆண்டுப் பரிசோதனைக்கு மாற்றாகாது. காலண்டர் மங்கும் நாளில் அழற்சி வெகுதூரம் போயிருக்கும். அதற்கு வெகுமுன்பே பாதிப்பைக் காட்டுவது விழித்திரைப் பரிசோதனை மட்டுமே.